கையுறைப் பெட்டி

செய்தி வந்தபோது காலை பத்தே முக்கால். அன்று விடுமுறை. அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்; போனை எடுத்தது நான். பட்டறையின் ஸ்டோர்காரர் பேசினார்.

"உங்க மாமாவுக்குக் கையில கொஞ்சம் கிழிச்சிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. அக்காவைக் கூட்டிட்டு வந்துருங்க."

கண்ணாடிப் பட்டறையில் கை கிழிவது ஒரு செய்தியே இல்லை. அதற்காக யாரும் வீட்டுக்குப் போன் செய்வதும் இல்லை. அக்காவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. பிழிந்து கையில் வைத்திருந்த துணியைக் கொடியில் போடாமல் வாளிக்குள்ளேயே திரும்பப் போட்டாள். "எந்தக் கையாம்?" என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

வலது கை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதை வெள்ளைத் துணியால் சுற்றி வயிற்றின்மேல் வைத்திருந்தார்கள். துணியில் கறை அதிகம் இல்லை. வண்டியில் ஏற்றும்போதே ரத்தம் நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்கவில்லை.

மாமா கண்ணாடி வெட்டுகிறவர். அக்காவைக் கட்டிக்கொண்ட காலத்திலிருந்து அதே பட்டறை, அதே மேசை. கடை முகப்புக்கும் மாடி ஜன்னலுக்கும் போகிற பெரிய ஷீட்டுகளை அளந்து, வெட்டி, ஓரம் தேய்த்து அனுப்புகிற இடம். வீட்டில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் தொடமாட்டார். "பகல் பூரா அதோட மல்லுக்கட்டுறேன், வீட்லயும் அது மூஞ்சியிலதான் முழிக்கணுமா?" என்பார். உள்ளங்கை முழுவதும் பழைய கீறல்கள். "ரேகை பாக்கறவன்கிட்ட இந்தக் கையை நீட்டினா, உங்களுக்கு ஏழு பொண்டாட்டின்னு சொல்லிடுவான்" என்று ஒருமுறை பெருமைப்பட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருக்கற ஒருத்திக்கு மிக்ஸி ரிப்பேர் பண்ணித் தர ஆள் இல்ல, இதுல ஏழு" என்றாள்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்லூரியில் சேர்ந்த அன்றிலிருந்து நான் அவருக்குப் புரொபசர்தான். எந்தக் கல்லூரியிலும் நான் பாடம் நடத்தியதில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "நடத்தலைன்னா என்ன, மூஞ்சி அப்படித்தானே இருக்கு" என்பார்.

அவருடைய தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். கண்ணாடியை உண்மையில் யாரும் வெட்டுவதில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த சிறு சக்கரத்தால் மேலே ஒரு கோடு கீறுகிறார்கள். அந்தச் சக்கரத்துக்கு வைரம் என்று பெயர். அதில் வைரம் எதுவும் கிடையாது. கோட்டின் கீழே மெல்லத் தட்டினால் கண்ணாடி தானாகப் பிரிந்துகொடுக்கும். "ஆனா கோடு போட்டா உடனே தட்டிடணும், புரொபசர். போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா கோடு ஆறிடும். அப்புறம் அது தன் இஷ்டத்துக்குத்தான் உடையும்."

பெரிய ஷீட்டைத் தூக்க இருவர் வேண்டும். ஒருவர் முன்னால் பார்த்து நடப்பார், மற்றவர் பின்பக்கமாக நடப்பார். மாமாவின் ஜோடி நெட்டை. பெயருக்கேற்றபடி நிலைவாசலில் குனிந்து வருகிற ஆள். மாமா அவன் மார்பளவுதான் இருப்பார். "நெட்டையும் குட்டையும் தூக்கிட்டுப் போனா, கண்ணாடி நேரா இருக்கு, இவனுங்கதான் கோணலா இருக்கானுங்கன்னு முதலாளி சொல்றாரு" என்று மாமா சொல்லிச் சிரிப்பார். எத்தனையோ வருஷம் அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நடந்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டறையில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. தூக்கும்போது ஒருவனுக்குக் கை கிழிந்தால், எதிர்முனையைப் பிடித்திருந்தவன்தான் கட்டவேண்டும். ஷீட்டைச் சாய்த்து வைத்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டைக் கிழித்து, வெறும் கையால் இறுக்கிக் கட்டுவான். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இரக்கமில்லாமல் இல்லை. கட்ட ஆள் இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

போன வருஷம், முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவன் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இளைத்துப்போய் இறந்தான். எச்.ஐ.வி. என்று பிறகுதான் தெரிந்தது. அவனுடைய காயத்தைக் கட்டியவர்கள் பட்டறையில் பாதிப் பேர். மறுநாள் டீ நேரத்தில் ஒருவரும் டீயைத் தொடவில்லையாம். முதலில் வாயைத் திறந்தது நெட்டை.

"எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். ஒருத்தர் விடாம. வேணாம்கிறவன் வேற இடம் பாத்துக்கட்டும்."

ஓரம் தேய்க்கிற கிழவர், "அது அவனவன் சொந்த விஷயம்டா" என்றார்.

"சொந்த விஷயம் உள்ள இருக்கிற வரைக்கும்தான், பெருசு. இங்க எல்லாம் வெளிய வந்து என் கையில இல்ல கொட்டுது?"

மாமாவும் நெட்டையின் பக்கம்தான் நின்றார். அன்று மாலை எங்களிடம் அதைச் சொன்னபோது அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. "பயந்துக்கிட்டே கட்டறதைவிடத் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டலாம் இல்ல? அவன் கேட்டதுல என்ன தப்பு?" அன்றும் சரி, இன்றும் சரி, அதில் தப்பு இருந்ததாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலாளி ஏற்பாடு செய்தார். ரத்தம் எடுக்க வந்த ஆலோசகர் அம்மா, இதில் கட்டாயம் கிடையாது, விருப்பப்படுகிறவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று முதலிலேயே சொன்னாராம். சொல்லும்போது முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பட்டறை முழுக்க விருப்பப்பட்டது.

முடிவு சொன்ன அன்று ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய் வந்தார்கள். வெளியே வருகிறவன் வாசலிலேயே, "நமக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். மாமா உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் நெட்டை கேட்டான்.

"என்னண்ணே, உள்ள குடும்பமே நடத்திட்டு வர்றீங்க?"

"சக்கரை இருக்காம்டா. அந்தம்மா ஒரு லெக்சர் எடுத்துச்சு. இனிமே என் டீயையும் நீயே குடி."

அந்த நேரத்தில் அவருக்கு எப்படி வேடிக்கை பேச வந்தது என்று அக்கா பிறகு பலமுறை கேட்டாள்.

வீட்டுக்கு வந்துதான் அக்காவிடம் உண்மையைச் சொன்னார், சக்கரை இல்லை என்று. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். என்ன பதில் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஒரு தும்மல்கூட இல்லாமல், வீட்டைப் பெருக்கிக்கொண்டு, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள். இப்போதே மாத்திரை ஆரம்பித்தால் வயதாகித்தான் சாவீர்கள் என்றார் டாக்டர். இருவரும் ஆரம்பித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு மாத்திரை. "வா, நம்ம மிட்டாய் நேரம்" என்று மாமா கூப்பிடுவார். அக்கா சிரிக்கமாட்டாள், ஆனால் போவாள். சில மாதத்தில் ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, இருவருக்குமே.

ஆனால் அதற்கு முன்பே பட்டறையில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

முடிவு தெரிந்த மறுநாள் மாமா முதலாளியைத் தனியாகப் பார்த்தார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. ஆலோசகர் அம்மாகூட, சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குக் கை கிழிந்தால் கட்டப்போகிறவன் நெட்டை. அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் முதலாளியிடம் ஒன்று கேட்டார். இனிமேல் யார் காயத்தை யார் கட்டினாலும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் கட்டவேண்டும் என்று பொதுவாக ஒரு விதி வையுங்கள், முதலுதவிப் பெட்டியில் எல்லாருக்குமாக வாங்கிப் போடுங்கள் என்றார். எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டால் யாரையும் தனியாகக் காட்டவேண்டியதில்லை என்று அந்த அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. மாமாவின் தோளைத் தட்டி, "நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றார். ரப்பர் கையுறைகளும் வாங்கிப் பெட்டியில் போட்டார். அதோடு நின்றிருக்கலாம். மாமாமேல் இருந்த அக்கறையில் அவருக்கென்று தனியாக ஒரு ஜோடியும் வாங்கிவந்தார். முழங்கை வரைக்கும் வருகிற, நீல நிறத்தில், தடிமனான, கண்ணாடி கிழிக்காத உயர்ந்த ரகம். எல்லோர் முன்னாலும், மேசைமேல் வைத்து, "இது உனக்கு" என்றார்.

பட்டறையில் அதுவரை ஷீட் தூக்க எல்லோரும் பழைய தோல் கையுறைகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். சிலர் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை. அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். அத்தனை வருஷம் கண்ணாடி வழியாகப் பார்த்த முகம். அதில் பொய் இருந்தால் அவனுக்குத் தெரியும். மத்தியானம் ஷீட் தூக்கக் கூப்பிட்டபோது, முதுகு பிடித்துக்கொண்டது என்றான். மறுநாளும் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் வேறு ஒருவனோடு தூக்கினான்.

அதன்பிறகு நடந்ததை அந்தப் பட்டறையைத் தவிர வேறெங்கும் யாரும் செய்திருக்கமாட்டார்கள். கையுறை போட்டவன் என்றால் அந்த நோய்க்காரன் என்று ஆகிப்போனது. தோல் கையுறையை மாட்டப்போனவனை, "ஓ, உனக்கும் வந்துருச்சா?" என்று கேட்டார்கள். இரண்டொரு நாள் அந்தக் கிண்டல் ஓடியது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கையுறையைக் கழற்றினார்கள். பயந்து ரத்தம் எடுத்துக்கொண்ட அதே ஆட்கள், வெறும் கையோடு கண்ணாடி தூக்கினார்கள். கை கிழிவது அதிகமானது. கேட்பாரற்றுக் கிடந்த கையுறைகளை, தோலையும் ரப்பரையும் சேர்த்து, அந்த முதலுதவிப் பெட்டியிலேயே போட்டு ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினார் ஸ்டோர்காரர். பொருள் காணாமல் போனால் அவர்தானே பதில் சொல்லவேண்டும்.

மாமாவும் நீலக் கையுறையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அக்கா அதைத் திரும்ப அவர் பையில் வைத்தாள். அவர் எடுத்து வெளியே வைத்தார்.

"என்னங்க இது, சின்னப் பிள்ளையா நீங்க?"

"அவனுங்க யாரும் போடலைடி. நான் மட்டும் மாட்டிக்கிட்டு நின்னா, காக்கா கூட்டத்துல கொக்கு மாதிரி இருக்கு."

"கொக்கா இருந்துட்டுப் போங்களேன்."

"ஒருவேளை கொஞ்ச நாள்ல மறந்துருவானுங்க. நெட்டை கோபக்காரன்தான், ஆனா வன்மம் வெச்சுக்கமாட்டான்."

அவரைச் சின்னக் கண்ணாடிகளுக்கு மாற்றியிருந்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி, படச் சட்டத்துக்குரிய துண்டுகள். ஒருவரே தூக்கிவிடக்கூடிய அளவு. வேலை போகவில்லை, கூலி குறையவில்லை; வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு குறையும் இல்லை. பட்டறையில் அவருடைய டீ டம்ளர் மட்டும் தனியாக, அலமாரியின் மேல்தட்டில். பெரிய ஷீட் போகும்போது சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார். அன்றைக்கு எந்த ஜோடி தூக்கியது, திருப்பத்தில் எப்படிச் சொதப்பினார்கள் என்று வீட்டில் வந்து விவரமாகச் சொல்வார். நெட்டையின் புது ஜோடிக்குப் பின்னால் நடக்கத் தெரியவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. எப்போதாவது, எந்த அவசரத்திலாவது, எதிர்முனைக்குத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவர் காத்திருந்தார். மாத்திரை சாப்பிட்டதும் உடம்பு தேறியதும் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான் என்பதுபோல இருந்தது.

செய்தி வந்த அந்த விடுமுறை நாளில் நான் காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என் புத்தக அலமாரிக்கு இரண்டு கண்ணாடிக் கதவு போட்டுத் தருவதாக மாமா சொல்லியிருந்தார். கூடத்தில் தரையில் போர்வை விரித்து, முதல் கண்ணாடியை வெட்டி ஓரமும் தேய்த்துவிட்டார். இரண்டாவதைக் கிடத்தி, அளந்து, வைரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கோடு போட்டார். பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். கைப்பிடியால் தட்டப்போகும் நேரத்தில் போன் அடித்தது. முதலாளி. விடுமுறையிலும் வேலைக்கு வரச்சொன்னவர்களில் இரண்டு பேர் வரவில்லை, ஒரு கடைக்கு மத்தியானத்துக்குள் சரக்குப் போயாகவேண்டும், உடனே வரமுடியுமா என்று கேட்டார்.

மாமா எழுந்து சட்டையை மாட்டிய வேகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பெரிய ஷீட்டாம்" என்றார் அக்காவிடம்.

"கோடு ஆறிடாதா மாமா?" என்றேன்.

"ஆறட்டும் புரொபசர். வந்து புதுசா ஒண்ணு வெட்டித் தரேன். அதைத் தாண்டி நடந்துடாதே, சுவத்தோரமா சாத்தி வை."

அடுத்து நடந்ததை நெட்டை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எல்லாம் முடிந்து சில நாட்கள் கழித்து வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வாப்பா என்று அக்கா இரண்டு முறை சொன்ன பிறகும் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே தலை குனிந்து நின்றவன், என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"வந்ததும் நேரா பெரிய ஷீட்கிட்டதான் போனாரு தங்கச்சி. ஒரு முனையைப் பிடிச்சுட்டு, டேய் யாராவது ஒரு கை குடுங்கடான்னாரு. என் புது ஜோடி போவான்னு நான் பாத்தேன். நான் போவேன்னு அவன் பாத்தான். முதலாளி ஆபீஸ்ல போன் பேசிட்டு இருந்தாரு. அண்ணன் மறுபடி கேக்கல. ஷீட்டை முட்டுல சாச்சு, தானே மேல தூக்கினாரு. அது ஒரு ஆள் தூக்கற ஷீட்டே இல்ல. பாதியில முறிஞ்சு, மேல் துண்டு அப்படியே சரிஞ்சு கையில இறங்கிருச்சு."

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான்.

"நெட்டை, இறுக்கிக் கட்டுடான்னாரு. என் பேரைத்தான் சொன்னாரு. அங்க அத்தனை பேர் நிக்கறாங்க, என் பேரை. நான் ஓடினேன். ஆள் கூப்பிட ஓடறேன்னு எல்லாரும் நினைச்சாங்க." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "கிளவுஸ் எடுக்க ஓடினேன் அண்ணி. ஸ்டோர் பூட்டியிருந்துச்சு. சாவி வெச்சிருக்கறவர் டீ குடிக்கப் போயிட்டாரு. கடைக்கு ஓடி அவரைக் கூட்டிட்டு வந்து, ஸ்டோரைத் தொறந்து, பெட்டியிலேர்ந்து எடுத்து மாட்டிட்டு வந்தேன். அதுக்குள்ள யாரோ தோள்ல கிடந்த துண்டைத் தூக்கிப் போட்டிருக்காங்க. அதைப் பல்லால கடிச்சுத் தானே கட்டப் பாத்திருக்காரு. முடிச்சு விழல."

முன்பெல்லாம் எத்தனையோ முறை வெறும் கையால் கட்டியவன். அவன் கையைப் பார்த்தேன். மாமாவின் கையைப் போலவே கீறல்கள். அக்கா அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவன் திட்டு வாங்கத்தான் வந்திருந்தான். அவள் உள்ளே போய்விட்டாள். அவன் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான்.

மறுவாரம் முதலாளி வந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "இனிமே வேலைக்குச் சேரும்போதே எல்லாருக்கும் டெஸ்ட்னு வெச்சுடப் போறேம்மா. கண்டிப்பா. தெரிஞ்சு எடுத்தா இந்த மாதிரிச் சங்கடம் வராது" என்றார். தெரிந்தால் சேர்க்கமாட்டேன் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கட்டாயம் கூடாது என்று நான் பேச ஆரம்பித்தேன். இதைப் பற்றி நான் படித்திருக்கிறேன். என்னிடம் வாதங்கள் இருந்தன. அக்கா என் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"அந்த டெஸ்ட் இல்லைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது சார். நானும் போயிருப்பேன். அதனால வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள். "தெரிஞ்சதாலதான் அவரு போனாரு. அதனால வைங்கன்னு சொல்லவும் வரல. நீங்க என்னவோ பண்ணுங்க. அந்தக் கிளவுஸ் பெட்டியை மட்டும் பூட்டாதீங்க."

முதலாளி தலையாட்டினார். தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை அக்காதான் எடுத்து உள்ளே வைத்தாள்.

அவள் இப்போதும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை சாப்பிடுகிறாள். கூப்பிட ஆள் இல்லாததால் சில நாள் மறந்துவிடுகிறாள். அதனால் நான் இங்கேயே தங்கியிருக்கிறேன். எழுதுகிற இந்த இடத்திலிருந்து கூடம் தெரிகிறது. மாமா வெட்டி முடித்த கண்ணாடி போர்வையில் சுற்றி இருக்கிறது. மற்றது நான் சாத்திய இடத்திலேயே சுவரோரம் நிற்கிறது. அதில் கோடு போட்டிருக்கிறது, தட்டவில்லை.